முகத்தை அல்ல, விளிம்பைப் பாருங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில், பழைய நாணயங்களையும் போர்ப் பதக்கங்களையும் வாங்கி வைப்பது நல்ல முதலீடாகி வருகிறது என்ற கருத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். போலியில் சிக்காமல் இருக்க அதில் சொல்லப்பட்டிருந்த ஒரே வழி, பொற்கொல்லரிடம் கொடுத்து வெள்ளிதானா என்று உரைத்துப் பார்ப்பது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பதக்கங்களை, அதிலும் குறிப்பாகச் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளின் பதக்கங்களைச் சேர்த்து வருபவன் நான். அதற்கு முன்பும் அதனூடேயும், ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் அச்சு செய்யும் ஃபிட்டராக முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: அந்த அறிவுரையை மட்டும் நம்பிப் போகிறவர், வெள்ளியை வாங்கிவிட்டுப் பதக்கத்தை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

காரணம் எளிது. போலிப் பதக்கம் என்றால் மட்டமான உலோகத்தில் வார்த்த பதக்கம் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அப்படிப்பட்டவை சந்தையில் ஏராளமாக இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம் பழகிய கண்ணுக்கு அவை அரை நிமிடத்தில் அகப்பட்டுவிடும். அகப்படாமல் தப்புகிற போலி, உலோகமும் அச்சும் காலமும் எல்லாம் அசலாக இருந்து, விளிம்பில் உள்ள பெயர் மட்டும் பொய்யாக இருக்கிற பதக்கம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில், பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கத்தின் விலையைத் தீர்மானிப்பது அந்த ஒற்றை வரிதான் என்பதால், மோசடியும் அங்கேதான் நடக்கிறது.

நம் ஊரில் அதிகம் கைமாறுகிற ஒன்றை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையின்றி அமர்ந்திருக்கும் புனித ஜார்ஜ், குதிரையின் குளம்படியில் கழுகு பொறித்த கேடயம், ஒரு மண்டையோடு, ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள். ஏறத்தாழ 65 லட்சம் வெள்ளிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. தொழிலாளர் படையினர் போன்றோருக்கு அதே வடிவில் வெண்கலத்தில் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தரப்பட்டன. இவ்வளவு அடித்த பதக்கம் அபூர்வமாக இருக்க முடியாதே என்று கேட்கலாம். 1980 சனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, இவை உலகெங்கும் கிலோக் கணக்கில் உருக்கப்பட்டன. நம் பக்கம் அதற்கு உலகச் சந்தை தேவைப்படவில்லை; பெண்ணுக்குக் கொலுசு, பேரனுக்கு அரைஞாண் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் வந்தது, பதக்கம் பட்டறைக்குப் போனது. ஆகவே எஞ்சியவற்றில் சென்னைப் படைப்பிரிவின் பெயர் தாங்கியவற்றுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. கூடிய மதிப்பைப் பார்த்துத்தான் போலிக்காரரும் வருகிறார்.

முதலில் எளிய போலியைச் சொல்லிவிடுகிறேன். அசல் பதக்கம் வார்க்கப்படுவதில்லை. எஃகு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி அடிக்கப்படுகிறது. அப்படி அடிக்கும்போது உலோகம் அச்சின் கடைசி மூலைவரை ஓடிப் பாய்வதால், எழுத்தின் பக்கச் சுவரும் அடித்தளமும் சேருகிற மூலை கத்தி வைத்துக் கீறியதுபோல் நிற்கும். அசலை மாதிரியாக வைத்து அச்சுமண்ணிலோ ரப்பரிலோ பதிவெடுத்து வார்த்ததில் அந்த மூலை, இரண்டு நாள் குளித்த சோப்புக்கட்டியின் எழுத்தைப் போல மழுங்கிக் கிடக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் ஒன்று போதும். மன்னரின் காதுமடல், தாடியின் இழை, குதிரையின் பிடரி ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். வார்த்ததில் தளம் முழுக்க ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு இருக்கும். அந்தக் கோட்டை அரம் வைத்து மறைத்திருந்தால், அரம் ஓடிய கீறல் விளிம்புக்குக் குறுக்கே தெரியும். அதோடு உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பது பட்டறையில் ஒரு வாரம் வேலை பார்த்த பையனுக்கும் தெரியும். 36 மில்லிமீட்டர் அசலைப் பதிவெடுத்து வார்த்தால், வருவது முப்பத்தைந்தரைக்குப் பக்கத்தில் நிற்கும். வெர்னியர் காலிப்பர் இன்று முந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பதக்கம் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் அது இல்லாமல் போகக் கூடாது.

உலோகத்துக்கு உரைகல்லும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். நல்ல பதக்கத்தை உரைத்தால் அந்த உரசலே அதன் மதிப்பைக் கெடுத்துவிடும். நாடாவைக் கழற்றிவிட்டு, பதக்கத்தை மின்னணுத் தராசில் எடை போடுங்கள். பிறகு அதே தராசின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும். ஏறத்தாழ 31 கிராம் பதக்கம் தண்ணீரில் 3 கிராம் காட்டினால் அது பத்தேகாலுக்கு மேல். நூற்றுக்கு தொண்ணூற்றிரண்டரை வெள்ளி உள்ள கலவைக்கு வர வேண்டிய எண் அதுதான். ஜெர்மன் சில்வர் என்று நாம் சொல்கிற வெள்ளியில்லாத கலவையோ, முலாம் பூசிய பித்தளையோ ஒன்பதைத் தொடாது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி என்று சொல்லும் கடைக்காரரிடம், பித்தளையிலும் ஈயத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இதுவரை சொன்ன எல்லாச் சோதனைகளிலும் தேறிய ஒரு பதக்கத்தில்தான் நான் ஏமாந்தேன். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூரில் ஒரு பழம்பொருள் கடையில் இதே 1914 முதல் 1918 வரையிலான வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கண்டேன். முகம் அப்பழுக்கற்றது, வெள்ளிக்கு வயதாகும்போது வருகிற அந்தச் சாம்பல் கலந்த கருமை, எழுத்துகளின் இடுக்கில் ஒழுங்காகப் படிந்திருந்தது. விளிம்பில் ஒரு ஹவில்தாரின் பெயரும், தொடர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் இருந்தன. எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவரின் பதக்கம் கண்ணெதிரே கிடக்கிறதே என்ற ஆசையில், பையிலிருந்த காலிப்பரை வெளியே எடுக்காமலே பதினான்காயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். டூல்ரூமில் இருந்த காலத்தில், அளக்காமல் ஒரு பொருளை ஏற்றுக்கொண்ட பயிற்சிப் பையன்களை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன் என்பது இரவு ரயிலில் வரும்போது நினைவுக்கு வந்தது.

வீட்டில் அளந்தேன். நாடா தொங்கும் மேல்பக்கத்திலிருந்து நேர் கீழாக 35.7, இடமிருந்து வலமாக 35.6. எங்கும் 36 இல்லை. வார்ப்பு என்றால் முகமும் மழுங்கியிருக்க வேண்டும். அது அப்படி இல்லை. அப்படியானால் விளிம்பு மட்டும் சுற்றிலும் சீவப்பட்டிருக்கிறது. விளிம்பை முழுச் சுற்றாகக் கடைய வேண்டுமானால், மேலே தொங்கல் கம்பியைப் பிடித்திருக்கும் கவ்வியைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதை மறுபடி பற்றவைத்தாக வேண்டும். லென்ஸில் பார்த்தேன்: கவ்வியின் ஒரு கால் அடியில், பழைய கருமைக்கு நடுவில், பற்றாசு ஓடிய சின்ன வெண்மையான திட்டு இருந்தது.

அடுத்தது எழுத்து. அரசு ஆலையில் பெயர் பொறிக்கும்போது எழுத்து முளைகளை, அதாவது முனையில் எழுத்து வெட்டிய எஃகுத் துண்டுகளை, அழுத்திப் பதிப்பார்கள். அழுத்தும்போது உலோகம் எங்கும் போய்விடுவதில்லை. பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நகத்தால் உணரக்கூடிய மெல்லிய கரை எழும்பும். கையால் செதுக்கிய எழுத்தில் உலோகம் வெட்டி எடுக்கப்படுகிறது. அங்கே கரைக்குப் பதில் சால் இருக்கும், கோட்டின் தொடக்கம் கூர்மையாகவும் முடிவு அகலமாகவும் இருக்கும். இந்தக் காலத்து லேசர் எழுத்து இரண்டிலும் சேராது. அதன் ஆழம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு. பள்ளத்தின் அடி, எரிந்த பாலாடைபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். இந்தியப் பிரிவுகளுக்குப் பதித்த எழுத்து எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை, சற்று ஏறி இறங்கும். அந்தக் கோணல் ஒரு மனிதக் கையின் கோணல், அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் காலாள் ஒருவரின் பதக்கத்து எழுத்தோடு சென்னைச் சிப்பாயின் எழுத்தை ஒப்பிட்டு, வேறாக இருக்கிறதே என்று நல்ல பதக்கத்தைத் தள்ளியவர்களும் உண்டு. என்னிடம் வந்ததிலோ எழுத்துகள் பள்ளிக்கூடப் பலகைபோல் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. ஓரத்தில் கரை இல்லை, அடியில் புள்ளிகள் இருந்தன.

மூன்றாவது, நான் கடையிலேயே பார்த்திருக்க வேண்டியது: அந்தப் படைப்பிரிவின் பெயர். 1914 முதல் 1918 வரையிலான போரில் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரில் காலாட்படைப் பிரிவு எதுவும் இந்தியப் படையில் இல்லை. 73, 75, 79, 86 ஆம் கர்நாடிக் காலாட்படைகளும், 83 ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படையும் போன்றவைதான் இருந்தன. 1922 இல் இந்தியப் படை சீரமைக்கப்பட்டபோதுதான் அவற்றைச் சேர்த்து 3 ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட் உருவாயிற்று. அதுவும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் எழுப்பப்பட்டது. இன்றைய புகழ்பெற்ற பெயரைப் போட்டால் விற்கும் என்று நினைத்த ஒருவர், அந்தப் பெயர் பிறப்பதற்கு முந்தைய பதக்கத்தில் அதைப் பொறித்துவிட்டார்.

படைப்பிரிவு எண்கள் எப்போது மாறின என்ற கணக்கு சேகரிப்பாளருக்கு மிகவும் பயனுள்ளது. கிச்சனர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த 1903 இல், சென்னைக் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 15 ஆம் சென்னைக் காலாட்படை 75 ஆம் கர்நாடிக் ஆயிற்று. 23 ஆம் வாலாஜாபாத் 83 ஆயிற்று. ஆகவே 1885 முதல் 1887 வரையிலான பர்மாப் போரின் பெயரைத் தாங்கிய பட்டை நாடாவில் உள்ள பதக்கத்தில் 83 ஆம் வாலாஜாபாத் என்று இருந்தால், காலிப்பரைத் தேடவே வேண்டியதில்லை. அதேபோல முதல் போர்க் காலத்தில் நம் தம்பிகள் படையின், அதாவது சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின், முறையான பெயர் 2 ஆம் குவீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதே. விளிம்பில் அதன் சுருக்கம்தான் வரும், மெட்ராஸ் என்ற சொல் அங்கே இருக்காது. போலிக்காரரிடம் லேசர் இருக்கிறது, வெள்ளி இருக்கிறது. படைப்பிரிவுகளின் வரலாறு பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை.

கடைசியாக ஒன்று செய்தேன். இருட்டறையில் டார்ச்சை மேசை மட்டத்துக்குச் சாய்த்து, விளிம்பைச் சிறிது சிறிதாகச் சுழற்றினேன். முளையால் அழுத்திப் பதித்த எழுத்தை மேலே சீவி எடுத்தாலும், அதன் அடியில் உலோகம் இறுகிப்போயிருக்கும். திருட்டு வண்டியில் அழித்த சேசிஸ் எண்ணைக் காவல்துறையின் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் பூசி மீட்பது இந்த இறுக்கத்தை வைத்துத்தான். நான் அமிலம் பூசவில்லை. போதுமான ஆழத்துக்குப் போலிக்காரர் சீவவில்லை என்பதால் பூசாமலே மூன்று எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன: டி, வி, ஆர். டிரைவர் என்பதன் படைச் சுருக்கம் அது. மோட்டார் ஓட்டுபவர் அல்லர். அந்தப் போரில் அது பெரும்பாலும் கோவேறு கழுதைகளையும் வண்டி மாடுகளையும் ஓட்டிச் சென்ற ஆள். கழுதை ஓட்டியின் பெயருக்கு விலை வராது என்று அவரைச் சீவி எடுத்துவிட்டு, இல்லாத ஒரு ஹவில்தாரை அங்கே வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். வெள்ளிதானே, பழையதுதானே, நான் என்ன பொய் சொன்னேன் என்றார். ரசீது கேட்டதற்கு, தொல்பொருள் சட்டம் இருப்பதால் இதற்கெல்லாம் ரசீது போட முடியாது என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். வாசகர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை விதிக்கிறது. அவற்றை வணிகமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ரசீது தரக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. சட்டத்தைக் காட்டி ரசீதை மறுக்கிறவர், ஒன்று உரிமம் இல்லாதவர், அல்லது பொருளுக்குப் பொறுப்பேற்க விரும்பாதவர். அதற்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படுகிற வண்ணமயமான நம்பகச் சான்றிதழை அச்சடிக்க அரை மணி நேரம் கூட ஆகாது.

மற்ற வகைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்; ஏனென்றால் சென்னைக்குரிய பதக்கம் என்ற பெயரில் அதிக விலை சொல்லப்படுவது 1799 மே 4 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்கான பதக்கம். திப்புவின் புலியைப் பிரிட்டிஷ் சிங்கம் அடக்குகிற முகம் அதற்கு. மேலே பறக்கும் கொடியில், வெற்றி பெறும் இறைவனின் சிங்கம் என்று பொருள்படும் அரபு எழுத்துகள். கோட்டைத் தாக்குதலைக் காட்டும் மறுபக்கத்தில் பாரசீக மொழியில் வாசகமும் ஹிஜ்ரி 1213 என்ற ஆண்டும் இருக்கும். பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், குக்லர் என்ற கலைஞர் செதுக்கிய அச்சில் அடித்தது. அகலம் 48 மில்லிமீட்டர். வங்காளப் படையினருக்காகக் கல்கத்தாவில் அடித்தது 45 மில்லிமீட்டர். தங்கம், தங்க முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று தகுதிக்கேற்ப உலோகம் மாறியது. நம் சிப்பாய்களுக்குக் கிடைத்தது வெள்ளீயம். இதில் போலியைக் கண்டுபிடிக்க அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள புள்ளிகளைப் பார்ப்பேன். அச்சடித்ததில் அவை தனித்தனியாகக் கடுகுபோல் நிற்கும், வார்த்ததில் எழுத்தோடு ஒட்டிக் கரைந்திருக்கும். வெள்ளீயப் பதக்கம் என்று ஈயத்தைத் தருவார்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி ஏழேகால், ஈயத்துக்குப் பதினொன்றுக்கு மேல், ஆகவே தம்ளர் தண்ணீரே தீர்ப்புச் சொல்லிவிடும். இந்தப் பதக்கத்துக்குத் தொங்கவிடும் வளையம் அரசு தரப்பில் கொடுக்கப்படவில்லை, அவரவர் தம் விருப்பப்படி செய்து மாட்டிக்கொண்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வளையம் ஒழுங்காக இருக்கிறது என்பது அசலுக்கு அடையாளமல்ல. கோணலாக இருக்கிறது என்பது போலிக்கு அடையாளமும் அல்ல.

இன்னொன்று எம்டன் பதக்கம். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதால், எம்டன் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களின் கை பணப்பைக்குப் போகிறது. எம்டனின் பெயர் தாங்கிய, நன்கு அறியப்பட்ட அசல் நினைவுப் பதக்கங்கள், அதே ஆண்டு நவம்பர் 9 இல் கோகோஸ் தீவருகே அதை முறியடித்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியோடு தொடர்புடையவை. எம்டனிலிருந்து மீட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களுக்கு மேலே கிரீடமும் பட்டையும் பற்றவைத்துச் செய்தவை. சென்னையைக் காத்தவருக்குக் கொடுத்த எம்டன் மெடல் என்று யாராவது நீட்டினால், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதுகளான விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் போன்றவை கடைகளில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயரோடு அறிவிக்கப்பட்டவை. பெற்றவர்கள் யார் யார் என்பது பட்டியலாகவே தெரியும். 1944 பிப்ரவரி 24 இல் இத்தாலியில், சகவீரர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மீது தன் உடலைப் போட்டு உயிர்நீத்த சென்னை சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியத்தின் ஜார்ஜ் கிராஸைப் போன்ற ஒன்று, காயலான் கடையில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் என்று நம்புகிறவரை யாராலும் காப்பாற்ற முடியாது. அங்கே கிடப்பவை நினைவுப்பொருளாக விற்கப்பட்ட நகல்கள். பின்புறம் நகல் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்த இடத்தை அரத்தால் தேய்த்திருப்பார்கள். தேய்த்த இடம் சற்றே குழிந்து, சுற்றியுள்ள தளத்தைவிட மினுமினுப்பாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் என்ற நட்சத்திர வடிவப் பதக்கம் முதலியவற்றில் வேறு வகைத் தந்திரம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் பதக்கங்கள் பெயரின்றியே தரப்பட்டன. இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்துத் தரப்பட்டன. பெயரில்லாத நட்சத்திரத்தை எடுத்து, இம்பாலில் போரிட்ட தமிழ்ச் சிப்பாயுடையது என்று கதை சொல்லி விற்கிறார்கள். பொருள் அசலாகவே இருக்கலாம். கதைக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை, கதைக்குப் பணம் கொடுக்கத் தேவையுமில்லை. நாடாவைப் பொறுத்தவரை, கள்ளநோட்டுப் பார்க்கிற புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிர்ந்தால் துணி புதியது என்று பொருள். பிற்காலத்து இழைகளில் சேர்க்கும் வெளுப்பான் அப்படி ஒளிரும். ஆனால் அசல் பதக்கத்துக்கும் குடும்பத்தார் பின்னாளில் புது நாடா மாட்டியிருக்கலாம் என்பதால், இதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

பெயரைச் சரிபார்ப்பதற்கும் வழி உண்டு. வீரர் உலகப் போர்களில் இறந்தவரென்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர், எண், பிரிவு ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும்; நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னத்தின் பெயர்களும் அதில் அடக்கம். பழைய போர்களின் பதக்கப் பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் பெயர் இல்லாததைக் கொண்டு மட்டும் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் போர் கால இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலானோருக்கு அங்கே அட்டை கிடையாது. அசலைக் கண்ணால் பார்த்துப் பழக விரும்புகிறவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பதக்கங்கள் வைத்திருக்கும் பேழைமுன் ஒரு மணி நேரம் நிற்கலாம். என் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடம் மூர் மார்க்கெட்டாக இருந்தது. 1985 மே மாதம் அது எரிந்துபோவதற்கு முன்பு, அசலையும் போலியையும் ஒரே கூடையில் போட்டு, எது எதுவென்று கண்டுபிடி தம்பி என்று விளையாட்டுக் காட்டிய முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். அவரிடம் கற்றதைத்தான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன்: முதலில் விளிம்பு, அடுத்து கவ்வி, கடைசியில்தான் முகம்.

அசல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் எண்பது கடந்த அம்மா ஒருவர், தம் மாமனாரின் பதக்கத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோடு சேர்த்து விபூதி போட்டுத் தேய்ப்பாராம். மன்னரின் மூக்கும் கன்னமும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. எழுத்துகளின் இடுக்கில் விபூதி வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. நாடா இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு. கண்காட்சிக்காரர் எவரும் கையில் எடுக்க மாட்டார். விளிம்பில் மட்டும், கை அவ்வளவாகப் படாத கீழ்வளைவில், ஐந்து இலக்க எண்ணும் பெயரும் ஏறி இறங்கி, ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் மெல்லிய கரையோடு, நேற்றுப் பதித்ததுபோல் இருந்தன. “நல்ல வெள்ளிதானே தம்பி?” என்று கேட்டார். நல்ல வெள்ளிதான் அம்மா, ஆனால் இனிமேல் தேய்க்காதீர்கள் என்றேன். விற்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட வீடுகள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இன்னும் பல இருக்கின்றன. கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றின் வாசலில் வியாபாரிகள் வந்து நிற்பார்கள் என்பதால் அந்த வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு முன் ஒரு மெல்லிய தாளைப் பதக்கத்தின் விளிம்பில் சுற்றி, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்து, அந்த வரியைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம், ஆனால் வளைந்த விளிம்பு படத்தில் முழுமையாக விழாது. என்னிடமுள்ள பதக்கத்தில் டி, வி, ஆர் என்ற மூன்றுக்கு அடுத்து வந்த பெயரை அப்படி யாராவது முன்பே தேய்த்தெடுத்து வைத்திருந்தால், அது இன்று யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர்,
இராணிப்பேட்டை.